கண்ணாடியில் பார்க்காதவன்

போர்க்கைதிகள் முகாம்
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன், மீதியை நீ அழுது முடித்துவிட்டுப் படி. பத்து வரிக்கு மேல் எழுதக் கூடாது. எழுதியதை இங்கே ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

குதித்து இறங்கும்போது இடது கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அறையில் நான்கு பேர் இருக்கிறோம். அடிக்கவில்லை, சாப்பாடு வேளைக்கு வருகிறது. ஊன்றுகோலோடு நடக்கிறேன். ஒட்டடைக்குச்சிக்கு இன்னொரு குச்சி துணையா என்று நீ சிரிப்பாய்.

அத்தானிடம் சொல், விமானம் நல்ல விமானம் என்று. இதற்கு மேல் இடமில்லை.

உன் தம்பி


ஜனவரி 20

அடேய் ஒட்டடைக்குச்சி,

உன் கடிதம் ஆறு வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். பிரித்துப் பார்த்து நான் தலையை ஆட்டிய பிறகுதான் சைக்கிளில் ஏறினார்.

முதலில் வந்த தந்தியில் 'காணவில்லை' என்று ஒரே வார்த்தை. காணாமல் போவதற்கு நீ என்ன குடையா? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நான் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா. வா, உனக்கு இருக்கிறது. நமக்கென்று நாம் இரண்டு பேர்தான், அதில் நீயும் இப்படிச் செய்தால் நான் யாரைத் திட்டுவது.

உன் அத்தான் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'நல்ல விமானம்' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். "குதிக்கறப்போ உடம்புல எங்கயாவது சூடு பட்டுச்சான்னு கேளு. கையில, முதுகுல." மறக்காமல் பதில் எழுது.

விலாசம் மாறியிருப்பதைக் கவனித்திருப்பாய். விமானதளக் குடியிருப்பில் இப்போது நாங்கள் இல்லை. அதற்காக நீ அங்கே உட்கார்ந்து மூளையைக் குழப்பிக்கொள்ளாதே. வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் அக்கா


போர்க்கைதிகள் முகாம்
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அறையில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினேன். குடை விஷயத்தைக் கேட்டு அவர்கள் இன்னும் என்னைக் குடை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அத்தான் கேட்டதற்குப் பதில்: சூடு படவில்லை. கணுக்கால் மட்டும்தான்.

குடியிருப்பை ஏன் விட்டீர்கள் என்று எழுது. இன்னும் நான்கு வரி இடம் இருக்கிறது. என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே அனுப்புகிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 2

தம்பிக்கு,

நீ திரும்பி வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். உன்னை நான் பேப்பரில்தான் பார்த்தேன். ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டுகிறாய், பக்கத்தில் யாரோ பெரிய அதிகாரி பல் தெரியச் சிரிக்கிறார். 'எரியும் விமானத்திலிருந்து குதித்த வீரர்' என்று கீழே போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி நான்கு பிரதி வாங்கி வந்து கொடுத்தாள். பேப்பர் படத்துக்குச் சோறு போட முடியாது, அது ஒன்றுதான் குறை.

ராணுவ மருத்துவமனைக்கு இங்கிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம். இரண்டு முறை வந்தேன். முதல் முறை தூங்குகிறாய் என்றார்கள், இரண்டாம் முறை பரிசோதனை என்றார்கள். அந்த நர்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, பாவம், காது சிவந்துவிட்டது. நீதான் சொல்லச் சொல்லியிருக்கிறாய். கொண்டுபோன டிபன் கேரியரை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அதையாவது கழுவி அனுப்பு.

நீ ஏன் எங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அத்தான் மேல் கோபம். யாராவது சொல்லியிருப்பார்கள். அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள், அதனால் முகாமிலிருந்து நீ கேட்டபோது சொல்லாததை இப்போது நானே சொல்கிறேன்.

நீ போன மூன்றாம் வாரம் விசாரணை வைத்தார்கள். விமானம் எதிரி மண்ணில் விழுந்துவிட்டது, போய்ப் பார்க்க முடியாது. நீ ரேடியோவில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் சாட்சி. "இன்ஜின்ல தீ, குதிக்கிறேன்." சுட்டார்கள் என்று நீ சொல்லவில்லை. அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது? முந்தின நாள் எரிபொருள் பைப்பைக் கழற்றி மாட்டிக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக் யார்? உன் அத்தான். இணைப்பைச் சரியாக இறுக்கவில்லை, அதில் கசிந்த எரிபொருள்தான் பற்றிக்கொண்டது என்று எழுதிவிட்டார்கள். பதினெட்டு வருட வேலை ஒரு தாளில் போயிற்று. பத்து நாளில் வீட்டைக் காலி செய்தோம்.

நான் கத்தினேன். இறுக்கினீர்களா இல்லையா, வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்கள் என்றேன். அவர் சொன்னார், "இறுக்கினேன்னுதான் நெனச்சேன். ஆனா அவன் தீன்னு சொல்லிட்டானே. கண்ணாடியில பார்க்காம குதிக்கிற ஆள் இல்ல அவன்." விமானி முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமாம், பின்னால் புகை வந்தால் அதில் தெரியுமாம். நீ பார்த்திருப்பாயாம். நீ பார்த்துச் சொன்னால் தீ இருந்திருக்குமாம். தீ இருந்தால் பைப் தளர்ந்துதான் இருந்திருக்குமாம். சூடு படவில்லை என்று நீ எழுதினாயே, அதற்கும், "நான் வருத்தப்படுவேன்னு மறைக்கிறான்" என்றார். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை வைத்தே தன்னைத் தானே தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது தண்ணீர் பம்பு ரிப்பேர் கடை ஒன்றில் வேலை. விமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் இந்த வீட்டுக் குழாய்களைப் பிடித்துக்கொண்டுவிட்டார். காலையில் ஒரு முறை, கடைக்குக் கிளம்பும்போது ஒரு முறை, வந்ததும் ஒரு முறை. இறுக்கி இறுக்கி என்னால் திறக்கவே முடியவில்லை. துணியைச் சுற்றி இரண்டு கையாலும் திருகினால்தான் தண்ணீர். பாத்திரம் தேய்ப்பதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

தம்பி, உன் உயிருக்கு உலை வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் நடமாடுகிறார். கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. அவரிடம் வந்து ஒரு வார்த்தை, கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போ. நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

உன் அக்கா


ராணுவ மருத்துவமனை
அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

டிபன் கேரியரைக் கழுவி வைத்திருக்கிறேன்.

காலில் மறுபடியும் ஓர் அறுவை இருக்கிறது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். அதனால்தான் வர முடியவில்லை, வேறொன்றும் இல்லை. அத்தான் விஷயம் எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து என்னையும் விசாரித்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முப்பதாம் தேதி பதக்கம் கொடுக்கப்போகிறார்களாம்.

அத்தானிடம் எனக்குக் கோபமில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல். அவர் மனசு ஆறட்டும்.

உன் தம்பி


அக்டோபர் 19

தம்பிக்கு,

நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். நல்லதாகிவிடும் என்று நினைத்துத்தான் படித்தேன்.

அத்தான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "மன்னிச்சுட்டானா. அப்போ தப்பு நடந்திருக்கு. இத்தனை நாள் ஒரு ஓரத்துல, ஒருவேளை இல்லையோன்னு இருந்துச்சு." அதோடு எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயை இறுக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு நான் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதினாய். கோபமில்லை என்று நிறுத்தியிருக்கக் கூடாதா? சரி, விடு. நீ நல்ல மனதோடுதான் எழுதியிருப்பாய். எனக்குத்தான் இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கத் தோன்றுகிறது.

பதக்கம் கொடுப்பதைப் பார்க்க அத்தான் வருகிறார். நான் கூப்பிடவில்லை, தானாகவே கடையில் லீவு கேட்டுவிட்டார். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். பழைய அலுவலகத்து ஆட்கள் கண்ணில் படாமல் கடைசி வரிசையில், தூண் பக்கமாக நிற்பாராம். "அவன் என்னைப் பார்க்க வேண்டாம். நான் அவனைப் பார்த்தாப் போதும்" என்றார். நான் முன்னால் உட்காருவேன். உன்னைப் பார்த்து விசிலடித்தாலும் அடிப்பேன், தயாராக இரு.

உன் அக்கா


ராணுவ மருத்துவமனை
அக்டோபர் 24

அக்கா,

இதை அத்தான் கடைக்குப் போயிருக்கும்போது நீ முதலில் தனியாகப் படி. பிறகு அவரிடம் கொடு. படித்துக் காட்டாதே, கையில் கொடு.

தீ இல்லை. விமானத்தில் எங்கேயும் தீ இல்லை. பைப் சரியாக இருந்தது.

இந்த மூன்று வரியையும் முகாமில் அந்த நான்கு வரி இடத்திலேயே எழுதியிருக்கலாம். அங்கே கடிதத்தைப் படிக்கிறவர் இருந்தார், அதனால் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த பிறகு யார் படித்தார்கள்? அக்கா, நான் பயந்துவிட்டேன். அதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் இத்தனை மாதம் போய்விட்டது.

நடந்தது இது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு லாக் புக் உண்டு. எந்தச் சின்னக் கோளாறும் அதில் ஏறவேண்டும், ஏறிவிட்டால் சரிசெய்து கையெழுத்தாகும் வரை விமானம் கொட்டகையை விட்டு நகராது. மற்றவர்கள் ஒழுங்காக எழுதுவார்கள். நானும் அத்தானும் எழுதுவதில்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஏணியில் நின்று பெல்ட்டை மாட்டிக்கொண்டே காதோடு சொல்லிவிடுவார். வீட்டு ஆள்தானே என்ற தைரியம் இரண்டு பேருக்கும்.

இன்ஜினில் தீப்பிடித்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு ஒன்று முன்னால் இருக்கிறது. அந்த வாரம் அது இரண்டு முறை சும்மாவே எரிந்தது. அத்தான் எழுதத்தான் போனார். நான்தான் வேண்டாம் என்றேன். எழுதினால் இரண்டு நாள் கொட்டகையில் நிற்கும், அதற்குள் போர் முடிந்துவிடும் என்று வீரம் பேசினேன். அன்று காலை ஏணியில் அவர் சொன்னது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "மாப்ளே, அந்த விளக்கு பொய் சொல்லுது. எரிஞ்சா உடனே நம்பாத. கண்ணாடியில பாரு, புகை இருந்தா மட்டும் குதி." சரி சரி என்றேன். தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார்.

திரும்பி வரும் வழியில் விளக்கு எரிந்தது. என்னோடு ஜோடியாகப் பறந்த விமானி மேகத்துக்கு மேலே இருந்தான், அவன் கண்ணில் நான் இல்லை. கண்ணாடி என் நெற்றிக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தலையைக்கூடத் திருப்ப வேண்டாம், கண்ணை உயர்த்தினால் போதும். உயர்த்தவில்லை. முந்தின வாரம் ஒருவன் எரிந்து விழுந்ததைப் பார்த்திருந்தேன். விளக்கு மட்டும்தான் தெரிந்தது. தீ, குதிக்கிறேன் என்று கத்திவிட்டு, இருக்கையோடு ஆளை வெளியே தூக்கி எறியும் கைப்பிடியை இழுத்தேன்.

பாராசூட்டில் தொங்கும்போது பார்த்தேன். விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு நூல் புகை இல்லை. நான் இல்லாமலே அது மெல்ல மெல்லத் தாழ்ந்து, வற்றிப்போன ஓர் ஏரியின் சேற்றில் வயிற்றை வைத்துப் படுத்தது. என்னைப் பிடித்தவர்கள் லாரியில் ஏற்றி அந்த ஏரிக்கரை வழியாகத்தான் கொண்டுபோனார்கள். இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் உடைந்த வலி எனக்கு அதுவரை தெரிந்தது, அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மறுநாள் என்னை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் மூடிகளையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உங்க மெக்கானிக் கெட்டிக்காரர். ஒரு இடத்துலகூட ஒரு சொட்டுக் கசிவு இல்ல. அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எதிரி நாட்டுக்காரர் ஒப்படைத்த அந்தச் சேதியைத்தான், விமானம் நல்ல விமானம் என்று பாதியாகக் கத்தரித்து உனக்கு எழுதினேன். மீதிப் பாதியை எழுதினால் நான் யார் என்று தெரிந்துவிடுமே.

இங்கே வந்த பிறகு மூன்று அதிகாரிகள் கேட்டார்கள், தீயைக் கண்ணால் பார்த்தாயா என்று. பார்த்தேன் என்றேன். கிளம்புமுன் யாராவது கோளாறு ஏதும் சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்போது அத்தான் வேலை போனது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கதவுக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். பிறகு நீ வந்தாய், உன் குரல் வராந்தாவில் கேட்டது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கும் பிறகு அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன். செய்ததிலெல்லாம் கேடுகெட்டது அதுதான். அந்த வரியை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

கடைசி வரிசையில் தூண் பக்கமாக அவர் புதுச் செருப்போடு நிற்கப்போகிறார் என்று எழுதினாயே. அதற்கு மேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. இன்று காலை உண்மையை முழுவதும் எழுதித் தலைமை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு எழுதிவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தால் தைரியம் போய்விடும் என்று பயம், அதனால் அதை முதலில் செய்தேன். முப்பதாம் தேதி நீங்கள் வர வேண்டாம். எனக்குப் பதக்கம் இல்லை.

கைதிகளை விடும்போது எனக்கும் அந்தப் படத்தில் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதை இதோடு வைத்திருக்கிறேன். வேறு விமானத்துக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள் என்று இங்கே யாராவது சொல்லலாம். அத்தானுக்குத் தெரியும்.

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

நான் வராந்தாவில் நிற்கிறேன், நீ போர்வைக்குள் கிடந்திருக்கிறாய். அந்த மனிதர் தன்னையே தின்றுகொண்டிருக்கும்போது நீ அவரை மன்னித்திருக்கிறாய். சின்ன வயதில் நீ ஜாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டால் உன் முதுகில் நான்கு போடுவேன், முடிந்துவிடும். இதற்கு எத்தனை போடுவது? உனக்காக நான் வெட்கப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரி இன்னொரு பேப்பரோடு வந்தபோது கதவைத் திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் உன்னிடம் மேற்கொண்டு எழுத எனக்கு வராது.

இனி அத்தானைப் பற்றி. நீ சொன்னபடி கையில் கொடுத்தேன். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு முதலில் படத்தைத்தான் எடுத்தார். கடைக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வாங்கி வந்தார். ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீ அந்தப் படத்தில் ஊன்றுகோலோடு நிற்கிறாயே, உன்னை அவர் பார்க்கக்கூட இல்லை. வால் பக்கமாகவே தேடினார். அங்கே அவர் ஆணி அடித்துப் பொருத்திய தகட்டு ஒட்டு ஒன்று இருக்கிறதாம், பதினோரு ஆணி, அதில் கடைசி ஆணி கொஞ்சம் கோணலாம். அது கோணலாகப் போனதற்கு அன்றைக்கே தன்னைத் திட்டிக்கொண்டாராம்.

"என் ஆணிதான்" என்றார். அப்புறம் இன்ஜின் பக்கம் பார்த்தார். கருகல் இல்லை, பெயிண்ட்கூட உரியவில்லை. "இறுக்கித்தான் இருந்திருக்கேன்" என்றார். இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காபி போடப் போனேன்.

பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தார். விளக்கு விஷயத்தை விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன், எனக்குக்கூடச் சொல்லவில்லையே. "சொன்னா, விளக்கைப் பார்த்துப் பயந்துட்டான்னு எழுதிடுவாங்க. இருக்கானா இல்லையான்னு தெரியாத ஆள் மேல அப்படி எழுத விடுவேனா?" என்றார்.

திங்கட்கிழமை அவரை அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். போனார். விளக்குக் கோளாறை லாக் புக்கில் எழுதாமல் விட்டது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேலையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், ஒரு படி இறக்கி. நான் சண்டை போட்டேன், தம்பிதானே எழுத வேண்டாம் என்றான், அதையும் சொல்லியிருக்கலாமே என்று. "பேனா என் கையில இருந்துச்சு. அது என்னோடது, நான் எடுத்துக்கிறேன். மத்தது அவனோடது" என்றார்.

அன்றைக்கு மாலை சட்டைப் பையிலிருந்து உன் பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார், மன்னித்துவிட்டேன் என்று எழுதினாயே, அதை. நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. கிழித்துப் போட்டுவிடட்டுமா என்றேன். வேண்டாம், உனக்கே அனுப்பிவிடச் சொன்னார். இதோடு வைத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொள்.

உன்னை வரச் சொல்லவா என்று கேட்டேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நான் சொல்கிறேன், வா. டிபன் கேரியரைக் கொண்டு வா. சோறு போடுவேன், திட்டுவேன். அவர் உன்னோடு பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. பேசாவிட்டால் அந்த மௌனத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ, அது உனக்கு வேண்டியதுதான்.

இன்று காலை பாத்திரம் தேய்க்க வழக்கம்போலத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். துணி வேண்டியிருக்கவில்லை. குழாய் ஒரு கையால் திறந்துகொண்டது.

உன் அக்கா